அப்பாவின் வருமான வரிக் கணக்கு: காவல் இருக்கும் இடமும் தளரும் இடமும்

சிங்கப்பூரிலிருந்து இம்முறை தஞ்சை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றதன் முதன்மையான நோக்கம், மறைந்த என் தந்தையின் கடைசி ஆண்டு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, வைப்புத்தொகை வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரியான டிடிஎஸ் தொகையைத் திரும்பப் பெறுவதுதான். வெளிநாட்டில் வாழும் நம்மில் பலருக்கும் இந்த வேலை என்றேனும் வந்து சேரும். ஆகவே, தனிமனிதரின் விவரங்களை இந்திய வருமான வரித் துறை எவ்வாறு காக்கிறது, அந்தக் காவல் எங்கே தளர்கிறது என்பதை நான் கண்டவாறு எழுதுகிறேன்.

துறையின் சேவை மையத்தில் அப்பாவின் பான் அட்டையையும் இறப்புச் சான்றிதழையும் காட்டி, அவருக்கு வர வேண்டிய பழைய ரீஃபண்ட் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று மட்டும் கேட்டேன். அங்கிருந்த அலுவலர், நான் மகன் என்பதில் தமக்குச் சந்தேகம் இல்லை என்றும், ஆனால் சட்டப்படியான வாரிசாக இணையதளத்தில் பதிவு பெறும் வரை அந்தக் கணக்கைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்றும் அமைதியாகக் கூறினார். அருகில் நின்ற உறவினருக்கு இது வீண் அலைக்கழிப்பாகத் தோன்றியது. எனக்கோ மனநிறைவாக இருந்தது, ஏனென்றால் மகனுக்குச் சொல்லாதவர் வேறு எவருக்கும் சொல்லமாட்டார்.

இது அந்த அலுவலரின் தனிப்பட்ட கண்டிப்பு அன்று. அப்பாவின் கணக்கு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதோ, அந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, வரி செலுத்துவோரின் தகவலை எந்த அதிகாரி, யாருக்கு, எந்தக் காரணத்துக்காகத் தரலாம் என்பதை வரையறுக்கிறது. அதை மீறி வெளியிடும் அரசு ஊழியருக்கு 280-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. எனினும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த வழக்கைத் தொடர முடியாது என்பது, பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய தடையே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பிறர் கேட்டாலும் கதவு எளிதில் திறப்பதில்லை. ஒருவருடைய வருமான வரிக் கணக்கு அவரது தனிப்பட்ட தகவல் என்றும், பெரும் பொதுநலன் இருந்தாலன்றி வெளியிடத் தேவையில்லை என்றும் 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2020-இல் வெளியான வரி செலுத்துவோர் சாசனத்திலும், சட்டம் அனுமதித்தாலன்றித் தகவலை வெளியிடமாட்டோம் என்ற உறுதிமொழி உண்டு.

வாரிசுப் பதிவுக்கு இறந்தவரின் பான் அட்டை, இறப்புச் சான்றிதழ், நம்முடைய பான் அட்டை, வாரிசு என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழை அம்மாவும் தங்கையும் இ-சேவை மையத்தின் மூலம் முன்னரே வாங்கி வைத்திருந்தார்கள். என் சொந்தக் கணக்கில் நுழைந்து, பிரதிநிதியாகப் பதிவு செய்யும் பகுதியில் ஆவணங்களை ஏற்றினேன். துறை சரிபார்த்து ஒப்புதல் அளித்த பிறகே அப்பாவின் கணக்கு எனக்குத் திறந்தது. ஊருக்கு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேராமல் இருக்க, சான்றிதழைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஒப்புதலுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் வேறொன்றையும் பார்த்தேன். அப்பாவுக்கு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து தந்த வரி ஆலோசகரின் அலுவலகத்துக்குச் சென்று விஷயத்தைச் சொன்னதும், அங்கிருந்த இளைஞர் ஒரு நீள நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்து, அப்பாவின் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திரையில் திறந்துவிட்டார். வட்டி, பங்கு ஈவு, பங்கு விற்பனை, சொத்துப் பரிமாற்றம் என ஒரு மனிதரின் பொருளாதார வாழ்க்கை முழுவதும் அந்த ஒரே அறிக்கையில் இருக்கும். நோட்டின் அதே பக்கத்தில் வேறு பலருடைய பான் எண்களும் பாஸ்வேர்டுகளும் வரிசையாக இருந்தன. அவர் உதவும் எண்ணத்தில்தான் செய்தார். ஆயினும் துறை எனக்கே மறுத்த தகவல், துறைக்கு வெளியே, எந்த அனுமதியும் இல்லாமல் என் முன்னால் விரிந்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்வடிவில் உள்ள தரவுக்கே பொருந்துவது. அந்தக் காகித நோட்டு அதன் எல்லைக்குள் வராது.

துறையின் ஏற்பாட்டிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. ஏஐஎஸ் அறிக்கையைத் தரவிறக்கினால் அதைத் திறப்பதற்கான பாஸ்வேர்ட், சிறிய எழுத்துகளில் பான் எண்ணும் அதைத் தொடர்ந்து பிறந்த தேதியும் ஆகும். இவ்விரண்டுமே பான் அட்டையின் முகப்பில் அச்சாகி இருப்பவை. அந்த அட்டையின் நகலை வங்கியிலும், நகைக் கடையிலும், ஜெராக்ஸ் கடையிலும் நாம் விட்டு வருகிறோம். பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இந்த முறையைத் துறை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ தனியார் நிறுவனங்கள் தேவையின்றிக் கேட்கக் கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அங்கும் குறை இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுக்கான அரசின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் முழு அடையாள எண்களும் தேடுவோருக்குத் தெரிந்தன, அரசு மன்னிப்புக் கோரியது. இருந்தாலும் நகல் கேட்கும் வழக்கத்துக்கே வரம்பு விதித்தது நம் ஊருக்கும் வர வேண்டிய ஒன்று.

நான் அங்கிருந்தபோதே, ரீஃபண்ட் ஒப்புதலாகிவிட்டது, கீழே உள்ள இணைப்பில் வங்கி விவரங்களைத் தருக என்று அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பாஸ்வேர்டையோ வங்கி அட்டையின் ரகசிய எண்ணையோ துறை இவ்வாறு கேட்பதில்லை. அனுப்பப்படும் நோட்டீஸ், ஆணை, கடிதம் ஆகியவற்றில் 2019 அக்டோபர் 1 முதல் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை இணையதளத்தின் முகப்பிலேயே, கணக்கில் நுழையாமல், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தங்கைக்கு அதைச் செய்து காட்டினேன்.

புறப்படுவதற்கு முன் அம்மாவின் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, இ-ஃபைலிங் வால்ட் என்ற கூடுதல் பாதுகாப்பையும் இயக்கிவிட்டு வந்தேன். இதை இயக்கியபின் வெறும் பாஸ்வேர்டால் உள்ளே நுழைய முடியாது; ஆதார் ஓடிபி, இணைய வங்கி போன்றவற்றில் நாம் தேர்ந்த ஒன்றும் வேண்டும். பாஸ்வேர்டை மாற்றி அமைப்பதற்கும் இதே தடையை வைக்கலாம். வெளிநாட்டில் இருப்போர் தம் கணக்கில் இதைச் செய்வதானால், ஓடிபி வரும் இந்திய சிம் அணைந்துபோகாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருக்க வேண்டும். அது இயலாதவர்கள் இணைய வங்கி வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.