பண்பாடு கடந்த ஊழியம்: மூன்று வருட முதுகலைப் படிப்பு, ஒரு நர்ஸின் அனுபவம்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சாரத்திலிருந்து விழுந்த ஒரு அசாம் பையனை ஒரு ராத்திரி கொண்டு வந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்க என்னிடம் வார்த்தை இல்லை. இந்தி தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் எதைக் கேட்டாலும் பையன் தலையை ஆட்டினான். பயத்தில் ஆட்டுகிறான் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது.

அந்த வருடம்தான் எங்கள் சபையில் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு மதியம் இந்தி ஆராதனை தொடங்கினார்கள். சாப்பாடும் உண்டு. முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள், மூன்றாவது வாரம் நான்கு பேர். ஏன் என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான், வேறு மொழி, வேறு பண்பாட்டு மக்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்வது பற்றிய இந்தப் படிப்பில் சேர்ந்தேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

படிப்பு மூன்று விதமாக நடக்கும். வருடத்துக்கு இரண்டு வாரம் வளாகத்தில் தங்க வேண்டும். மற்ற மாதங்களில் வீட்டிலிருந்தே எக்ஸ்டென்ஷன் பாடம். கடைசி வருடம் ஐந்து வாரம் களத்தில்.

வளாக வகுப்புகள் நன்றாக இருந்தன. நல்ல ஆசிரியர்கள், நல்ல நூலகம். உறவுமுறை வரைபடம் போடுவது, தினமும் நான்கைந்து வாக்கியம் மட்டும் கற்று அதையே ஊரெல்லாம் சொல்லிப் பழகுவது, இதெல்லாம் அங்கேதான் படித்தேன். மனதில் நின்றது ஒரு பாடம். மேலே கடவுள், மோட்சம் என்று பெரிய கேள்விகள். கீழே மருந்து, ஆஸ்பத்திரி. நடுவில் பிள்ளைக்கு ஏன் திடீரென்று காய்ச்சல், யார் கண் பட்டது என்ற கேள்விகள் இருக்கின்றன. ஊழியக்காரர்கள் இந்த நடுவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு அது சட்டென்று புரிந்தது.

எக்ஸ்டென்ஷன் பகுதிதான் ஏமாற்றம். பாடப் புத்தகத்தில் உதாரணங்கள் எல்லாம் வேறு ஏதோ கண்டத்திலிருந்து வந்தவை. தாள் எழுதி அனுப்பினால் நான்கு மாதம் கழித்து ஒரு மதிப்பெண் மட்டும் வரும், ஒரு வரி கருத்துகூட இராது. நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் எழுதிய தாள்கள் அவை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு தாள் எனக்குப் பயன்பட்டது, சொந்த ஊரின் மிஷன் வரலாறு. நாகர்கோவில் பக்கத்து மயிலாடிக்கு 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்தார் என்று சண்டே ஸ்கூலிலேயே படித்திருக்கிறோம். மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் தஞ்சாவூருக்குப் போய், அங்கிருந்த மிஷனரியிடம் எங்கள் ஊருக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டதால்தான் அவர் வந்தார் என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். உள்ளூர்க்காரர் கூப்பிட்டார், வெளியூர்க்காரர் விருந்தாளியாக வந்தார். எங்கள் ஞாயிறு ஆராதனைக்கு அந்தத் தொழிலாளர்கள் யாராவது நம்மைக் கூப்பிட்டார்களா?

களத்துக்குப் போனது ஆவணி மாதம். கன்னியாகுமரியிலிருந்து அசாமிலுள்ள திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் நாகர்கோவிலில் ஏறினேன். ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர், மூன்று ராத்திரி. நம் ஊரில் கம்பி கட்டும் பையன்கள் வீட்டுக்குப் போகிற அதே ரயில்.

தேயிலைத் தோட்டத்து லேபர் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஒரு பாட்டி வீட்டில் தங்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் சோட்டாநாக்பூரிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டு வரப்பட்ட ஆதிவாசிகளின் வாரிசுகள். வீட்டில் பேசுவது சாத்ரி என்ற மொழி. ஆஸ்பத்திரியில் இந்தியில் கேட்டபோது அந்தப் பையன் ஏன் புரியாமல் விழித்தான் என்பது அங்கே தெரிந்தது. சாயா கொடுத்தார்கள், பால் இல்லை, சீனி இல்லை, உப்பு போட்டது. நர்ஸாக எனக்கு அவர்கள் ரத்த அழுத்தம்தான் முதலில் ஞாபகம் வந்தது. ஆனாலும் குடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து பாட்டி என்னை அடுப்பருகே உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார்.

அந்த ஆதிவாசிகளின் கரம் பண்டிகை வந்தது. பெண்பிள்ளைகள் கூடையில் மணல் போட்டு விதை முளைக்க வைக்கிறார்கள். அப்படியே நம் முளைப்பாரி! கிறிஸ்தவப் பிள்ளைகள் அந்தக் கூடையைச் சுமக்கலாமா, ஜுமுர் நடனம் ஆடலாமா என்று அங்குள்ள சபைப் பெரியவர்கள் ராத்திரி முழுக்கப் பேசினார்கள். எங்கள் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் முடிவு எதுவோ, அது அவர்களுடையது. மூன்று வருடக் கட்டணத்துக்கும் அந்த ஒரு ராத்திரி போதும் எனக்கு.

திரும்பி வந்ததும் நம் ஊரில் வேலை செய்கிற பையன்களின் அறைக்குப் போய் "ஜோஹார்" என்று அவர்கள் வழக்கப்படி வணக்கம் சொன்னேன். தரையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஞாயிறு மதியம் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். துணி துவைக்க, காய் வாங்க, வீட்டுக்குப் போன் பேச அவர்களுக்கு இருப்பதே அந்த ஒரு மதியம்தானாம். இப்போது மாதம் இருமுறை அவர்கள் கூப்பிடுகிற சாயங்காலம் போகிறோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சேர நினைப்பவர்கள் பட்டத்துக்கு எந்த அங்கீகாரம் என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் களத்தில் எங்கே தங்க வைப்பார்கள் என்று கேளுங்கள். விடுதி என்று சொன்னால் வேறு கல்லூரி பாருங்கள்.