தரங்கம்பாடியில் ஒரு ஜன்னல் கொக்கி

ராத்திரி இரண்டேகால் மணிக்குக் கனமான பழைய ஜன்னல் கதவு ஒன்று சுவரில் போய் அறைந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். முதல் அடியில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவதில் என் மகள். அப்பா மட்டும் குறட்டையை நிறுத்தவில்லை. விழாவே அவருக்குத்தான், அதனால் விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு எழுபது முடிந்து பீமரத சாந்தி, திருக்கடையூரில். அது அருமையாக நடந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மார்கழி மாதம், லாட்ஜ் எல்லாம் காலியாகக் கிடக்கும் என்று கோபன்ஹேகனில் உட்கார்ந்துகொண்டு நான் போட்ட கணக்குத்தான் தப்பு. கல்யாணத்துக்குத்தான் மார்கழி ஆகாது, ஜன்ம நட்சத்திரத்துக்கு மாதம் ஏது? ஊர் பூராவும் அறுபதும் எண்பதும் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள். அப்படித்தான் தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த இந்தப் பழைய ஓட்டு வீட்டை இரண்டு ராத்திரிக்குப் பிடித்தோம். காவித் தரை, திண்ணை, கறுப்புக் குண்டு சுவிட்சு, பக்கெட், மக். ஏ.சி. கிடையாது. வாசலில் இறங்கினால் மணல். எனக்கு அப்படியே ஆக்கூரில் பாட்டி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.

ஆறு மணிக்குக் காற்று ஏறியது. கிழக்கு ஜன்னலின் வலது கதவு ஆட ஆரம்பித்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து நிறுத்தும் கொக்கி இருந்த இடத்தில் துருப்பிடித்த அரை அங்குலம்தான் மிச்சம், அதற்குக் கீழே சுண்ணாம்பில் ஒரு பழுப்புக் கோடு வழிந்து காய்ந்திருக்கிறது. அது மாட்ட வேண்டிய வளையம் மட்டும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, பித்தளை, தேய்ந்து பளபளவென்று. அதாவது முதலில் இரண்டுமே பித்தளையாக இருந்திருக்கும், கொக்கி உடைந்ததும் யாரோ சிக்கனமாக இரும்பில் ஒன்றை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடலுக்கு இருபதடி தள்ளி இரும்பு! சரி, சாத்திவிடலாம் என்றால் மரம் ஈரத்தில் உப்பிக்கிடக்கிறது, தாழ்ப்பாள் இறங்க வேண்டிய ஓட்டை இற்றுப்போய் நாலு விரல் நுழைகிற அகலத்துக்கு வாயைப் பிளந்திருக்கிறது.

உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். போன் செய்தேன். "நோட் பண்ணிக்கிட்டேன் சார், காலைல ஆசாரி வந்துடுவாரு." எந்தக் காலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊரைவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆனதில் இந்த மாதிரிக் கேள்விகள் மறந்துபோகின்றன.

டென்மார்க்கில் நாங்கள் கோடையில் எடுக்கும் கடற்கரை வீடும் ஒன்றும் சொகுசு இல்லை. சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமை கிளம்ப வேண்டும். படுக்கை விரிப்பும் துண்டும் நாமே கட்டிச் சுமக்க வேண்டும், போனதும் கரண்ட் மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும், கிளம்பும்போது கழிவறை வரைக்கும் தேய்த்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் அதற்குத் தனிக் காசு. ஒரு மனித முகத்தைப் பார்க்காமலே ஒரு வாரத்தை முடித்துவிடலாம். ஆனால் ஜன்னலில் கொக்கி இருக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஸ்டோர்ம்குரோ', புயல் கொக்கி. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி இங்கே கோட்டை கட்டி, 1845இல் வெள்ளைக்காரனிடம் விற்கும் வரை 225 வருஷம் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் அதே டேனிஷ்காரர்கள்தானே, போகும்போது அந்தப் பித்தளைக் கொக்கியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று இரண்டேகால் மணிக்கு எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் எது வேண்டுமானாலும் தோன்றும்.

அதற்குள் பழைய தினத்தந்தியை எட்டாக மடித்துச் செருகிப் பார்த்தாயிற்று. என் செருப்பையும் வைத்தேன், அது பறந்து கொசுவத்தி மேல் விழுந்தது. பெட்டியை முட்டுக் கொடுத்தால் பெட்டியோடு சேர்ந்து ஆடுகிறது. பாடும் அலைகளின் ஊர் என்று தரங்கம்பாடியைச் சொல்வார்கள் இல்லையா, அலை பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, இந்த ஜன்னல் விடாமல் தவில் வாசித்தது. உரிமையாளர் போன் சுவிட்ச் ஆஃப்.

கடைசியில் திண்ணையில் படுத்திருந்த காவலாளி ஐயாவை எழுப்பினேன். அறுபத்தைந்து வயது இருக்கும், முன்பு கடலுக்குப் போனவர்.

"ஐயா, ஜன்னல் அடிக்குது."

"வாடை தம்பி. அடிக்கத்தான் செய்யும்."

"எப்ப நிக்கும்?"

"தை கழிஞ்சா அடங்கிடும்."

எங்களுக்கு ரூம் நாளை மறுநாள் வரைக்கும்தான் என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய், வெளியே தென்னை மரத்தடியில் கிடந்த வலை மூட்டைக்குள்ளிருந்து ஒரு பச்சை நைலான் கயிற்றை இழுத்து வந்தார். டார்ச் அடிக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். இருட்டிலேயே கதவின் கைப்பிடியில் ஒரு சுற்று, ஜன்னல் கம்பியில் ஒரு மடக்கு, ஒரு இழுப்பு. பத்து விநாடி ஆகியிருக்காது. கதவு செத்த மாதிரி நின்றது. நான் எட்டு மணிநேரமாக ஒரு கொக்கிக்காக அலைந்திருக்கிறேன்!

காலையில் அம்மாவுக்குச் சூரியோதயம் பார்க்க அந்த ஜன்னலே வேண்டும். முடிச்சோடு நான் மல்லுக்கட்டினேன், நகம்தான் போயிற்று. ஐயா வந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு நுனியை லேசாகச் சுண்டினார், மொத்தமும் அவிழ்ந்து கையில் வந்தது. என் மகள் தமிழ் பேசுவதென்றால் சாதாரணமாக ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வாள். அன்று அவரைத் "தாத்தா, இன்னொரு தடவை" என்று எட்டுத் தடவை கட்டவைத்தாள். டேன்ஸ்போர்க் கோட்டையையும், கடல் தின்றது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் காட்டிக்கொடுக்க நான் போட்டிருந்த திட்டமெல்லாம் மதியத்துக்குப் போனது. கோட்டைக்குள் போயும் அவள் ஜன்னல் கொக்கிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். என் பாதிப்புதான்.

ஆசாரி வரவில்லை. வருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் சாயங்காலம் போன் செய்து கேட்டேன். "இன்னும் வரலையா சார்?" என்று உரிமையாளர் என்னையே கேட்டார்.

கிளம்புகிற நாள் வாடகை 3,600 ரூபாயை அப்படியே கொடுத்தேன். அங்கேயாக இருந்தால் நாலு படம் எடுத்து இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன், இங்கே மனசு வரவில்லை, மனைவிக்கு அதில் வருத்தம்தான். ஐயாவிடம் தனியாகக் கொஞ்சம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே போனவர், ஜன்னலில் இருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"அதையே விட்டுடலாமே ஐயா, அடுத்து வர்றவங்களுக்கு?"

"வலைக்கயிறு தம்பி இது. கேட்டா கட்டி விடுவேன்."