கடற்புகைக்கு எந்த அனுமதி: உரிமமா, சான்றிதழா?

டர்பனில் மெர்பேங்க், ஐசிப்பிங்கோ பக்கம் வாழும் நம்மவர்கள், கடலிலிருந்து வரும் புகைக்கு எந்த அனுமதியைப் பிடித்துக் கேள்வி கேட்பது என்று குழம்புகிறார்கள். கையில் இருப்பவை இரண்டு: தொழில்களுக்கு வழங்கும் காற்று உமிழ்வு உரிமம், கப்பல்களுக்கு வழங்கும் காற்று மாசுத் தடுப்புச் சான்றிதழ்.

எதைக் கட்டுப்படுத்தும்?
உரிமம்: தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டு காற்றுத் தரச் சட்டப்படி, பட்டியலிட்ட தொழில்களை. பெரிய எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளும் இதில் அடங்கும்.
சான்றிதழ்: கப்பல் மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தமான மார்போலின் ஆறாம் இணைப்பின்படி, 400 டன் முதலான கப்பல்களையும் துரப்பண மேடைகளையும். எரிபொருளில் கந்தகம் 2020 முதல் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 3.50.

மக்கள் குரல்?
உரிமம்: விண்ணப்பத்தை இரண்டு செய்தித்தாள்களிலாவது அறிவிக்க வேண்டும், நாம் ஆட்சேபிக்கலாம்.
சான்றிதழ்: நமக்கு இடமே இல்லை. கப்பல் பதிவான கொடி நாடு வழங்கும், துறைமுக அதிகாரி சரிபார்ப்பார்.

எளிமையில் சான்றிதழே மேல். இன்னும் கடுமையான வரம்புள்ள சில கடற்பகுதிகள் தவிர, உலகெங்கும் ஒரே அளவு.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கடலடி எண்ணெய், எரிவாயு எடுக்கும்போது நேரடியாக எழும் புகைக்கு அந்த இணைப்பே விலக்கு அளிக்கிறது. கிணற்றைச் சோதிக்கையில் எரித்துவிடும் வாயுவும் அதில் சேரும். அதற்கு வரம்பு வைக்க வேண்டியது நம் அரசுதான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நங்கூரமிட்ட கப்பலின் கரும்புகை உறுத்தினால், சான்றிதழைச் சரிபார்க்கும்படி துறைமுக அதிகாரியைக் கேளுங்கள். கரைத் தொட்டியின் நெடி என்றால் மாநகராட்சியிடம் உரிம நிபந்தனைகளைக் கேளுங்கள். துரப்பணத் திட்டம் வந்தால், வாயு எரிப்பு வரம்பு அந்தத் திட்டத்தின் அனுமதியிலேயே எழுதப்பட வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கோருங்கள்.