ஐசனோவர் கையெழுத்து என்று விற்கிறார்கள், கவனம்

அணு யுகத்து அமெரிக்க அதிபர்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பவர்கள், அடுத்ததாக எதையாவது வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘அமைதிக்கான அணு’ முதல் நாள் உறை (தபால்தலை வெளியான அன்றே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை), அதில் அதிபர் ஐசனோவரின் கையெழுத்து என்று சொல்லி 650 டாலருக்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. விற்றவர் அமெரிக்காவில் இணையக் கடை நடத்தும் பழம்பொருள் வியாபாரி. பெயரைப் போட்டால் வேறு தொல்லை வரும் என்பதால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே ஆளைக் கண்டுகொள்ளலாம்.

1953 டிசம்பர் 8 அன்று ஐசனோவர் ஐ.நா. பொதுச்சபையில் அணுசக்தியை ஆக்க வேலைகளுக்குத் திருப்புவது பற்றிப் பேசினார். ‘அமைதிக்கான அணு’ உரை என்பது அதுதான். அதையொட்டி 1955 ஜூலை 28 அன்று வாஷிங்டனில் நீல நிற 3 சென்ட் தபால்தலை வெளியானது. உலகின் இரு பாதிகளையும் அணுவின் வளையங்கள் சுற்றி நிற்கும் படம். (அடுத்த மாதமே ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம்ம ஹோமி பாபா. என்னை இந்தத் தபால்தலைப் பக்கம் இழுத்ததே அவர்தான்.) வெளியீட்டு நாள் முத்திரை குத்திய உறைகள் சந்தையில் ஏராளம். கையெழுத்து இல்லாத உறை இன்றைக்கும் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும்.

மோசடிக்கு முதலீடே அந்த ஓரிரு டாலர்தான். உறை அசல், தபால்தலை அசல், முத்திரை அசல். புற ஊதா விளக்கில் காட்டினாலும் பழைய காகிதம் பழைய காகிதமாகத்தான் தெரியும். கூடவே வந்த சான்றிதழில் ‘உறையும் முத்திரையும் 1955ஆம் ஆண்டைச் சேர்ந்தவை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்தைப் பற்றி மட்டும் ‘எங்கள் நிபுணரின் கருத்துப்படி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த நிபுணர் யார் என்று கேட்டால், கடைக்காரரேதான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

உறையின் கீழ் மூலையில் ஒரு பழைய மடிப்பு இருந்தது. கையெழுத்தின் கடைசி எழுத்து அதன் மேல் ஓடுகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மடிப்பில் பிய்ந்திருந்த நார்களுக்குள் மை இறங்கிக் கசிந்திருக்கிறது. அப்படியானால் மடிப்பு முதலில் விழுந்திருக்கிறது, கையெழுத்து பிறகு வந்திருக்கிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஐசனோவர் 1969 மார்ச் வரை இருந்தார், கசங்கிய உறையை யாராவது நீட்டியிருக்கலாம். ஆனால் கோட்டைப் பாருங்கள். மனிதர் எழுதினால் மேலே ஏறும்போது கோடு மெலியும், கீழே இறங்கும்போது தடிக்கும். இதில் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ஒரே தடிமன். தொடக்கத்திலும் முடிவிலும் பேனா கொஞ்சம் நின்று கிளம்பியதுபோல் ஒரு குட்டிப் புள்ளி.

அப்புறம் அதே கடையில் ஐசனோவர் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதை என் ஸ்கேனோடு ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மேலே வைத்தேன். வளைவுக்கு வளைவு பொருந்தியது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு கையெழுத்துப் போட்டாலும் அப்படிப் பொருந்தாது. ஆட்டோபென் வேலை இது. ஒரே அச்சைப் பார்த்துப் பேனாவை ஓட்டுகிற இயந்திரம். வெளியே ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு உறையை அனுப்பியதில் அவர்களும் அதையேதான் எழுதித் தந்தார்கள்.

கடைக்காரரின் பதிலைக் கேளுங்கள். “வெள்ளை மாளிகையிலேயே இயந்திரம் இருந்ததே, அதில் போட்டதாக இருக்கும், அதுவும் அதிபர் கையெழுத்துதான்” என்றார். இயந்திரம் எங்கே இருந்தால் என்ன, பேனாவை ஐசனோவர் தொடவில்லையே! வாழ்நாள் உத்தரவாதம் என்னாச்சு என்று கேட்டதற்கு, கடையின் நிபுணரும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும் என்று விதியைக் காட்டினார். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பியே, கார்டு வங்கியில் புகார் கொடுக்கும் கெடுவையும் தாண்ட வைத்துவிட்டார். இந்த மாதிரி ஆளிடம் சிக்கினால் முதலில் வங்கியில் புகாரைப் பதிந்துவிட்டு, பிறகு பேச்சுவார்த்தை நடத்துங்கள்.

கடைசியில், பணத்துக்குப் பதிலாக வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று, ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்டதைச் சொன்ன அறிவிப்பின் தட்டச்சுப் பிரதி. 1945 ஆகஸ்ட் 6 அன்று வெள்ளை மாளிகையில் வைத்து அப்போதைய அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டதாம். அன்றைக்கு ட்ரூமன் பாட்ஸ்டாம் மாநாடு முடிந்து அகஸ்டா போர்க்கப்பலில் அட்லாண்டிக் நடுவே வந்துகொண்டிருந்தார். அறிக்கையை வாஷிங்டனில் இருந்தவர்கள்தான் வெளியிட்டார்கள். இன்னொன்று, 1963 அக்டோபர் 7 அன்று அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளிக்கும் கென்னடியின் படம், கறுப்பு ஷார்ப்பி பேனாவால் போட்ட கையெழுத்தோடு. ஷார்ப்பி சந்தைக்கு வந்தது 1964இல். கென்னடி 1963 நவம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கென்னடி விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: அவர் ஆட்டோபென்னைத் தாராளமாகப் பயன்படுத்தியவர், போதாததற்குச் செயலாளர் எவலின் லிங்கனும் அவருக்காகக் கையெழுத்துப் போடுவார்.

வாங்குவதென்றால் பில்லில் ‘அதிபர் தம் கையால் இட்டது’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் மறுத்தால் பணம் திரும்ப வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அந்தக் கடை இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. பொருள்களைக் கரும்பச்சை வெல்வெட் துணிமேல் வைத்து எடுத்த அதே படங்கள். உங்களிடம் இந்த உறையில் ஐசனோவர் கையெழுத்து இருந்தால் நேராக வைத்து ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். என்னுடையதன் மேல் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.