உப்புக்காற்றில் நிற்கும் சிலிகான் ரப்பருக்கு எந்தப் பொடி?

எண்ணூர், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் மின்கோபுரத்தில் தொங்கி மின்கம்பியைத் தாங்கும் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டருக்கு (மின்காப்பானுக்கு) இரட்டைத் தொல்லை. கடலிலிருந்து உப்பு, அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல். இரவுப் பனியில் அந்தப் படிவு நனைந்ததும் மேற்பரப்பில் கசிவு மின்னோட்டம் ஓடத் தொடங்கும். அந்தச் சூட்டில் ஆங்காங்கே ஈரம் காய்ந்து பட்டை விழும். காய்ந்த பட்டையைத் தாண்டிக் குட்டிக் குட்டியாய்த் தீப்பொறிகள் பாயும். ரப்பரை அரிப்பது இந்தப் பொறிதான். சிலிகான் தண்ணீரை ஒட்டவிடாது, சரி. ஆனால் பொடி கலக்காத வெறும் சிலிகான் ரப்பர் இந்தப் பொறிக்கு முன்னால் அதிக நேரம் நிற்காது.

பழைய கை, அலுமினா ட்ரைஹைட்ரேட். சுருக்கமாக ஏடிஎச். சூட்டில் தண்ணீரை விட்ட பிறகுதான் இது அலுமினா ஆகிறது. அதன் பலமும் அங்கேதான். ஒரு கிலோ பொடிக்குள் சுமார் 350 கிராம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது ஆவியாகிப் பொறியின் சூட்டையும் தன்னோடு கொண்டுபோய்விடும். குறை என்னவென்றால், அள்ளிப் போட வேண்டும். எடையில் பாதி அளவுகூடப் போடுவார்கள். காம்பவுண்ட், அதாவது பொடி கலந்த ரப்பர், கனக்கும், விறைக்கும், இழுத்தால் சீக்கிரம் கிழியும்.

எதிர் அணியில் சிலிகா. அதில் தண்ணீர் இருப்பு கிடையாது. அரைத்த குவார்ட்ஸ் (மைக்ரோ சிலிகா) என்றால் அதையும் ஏராளமாகக் கொட்ட வேண்டும். நானோ அளவு ஃப்யூம்டு சிலிகாதான் (தீச்சுடரில் உருவாக்கும் மிக நுண்ணிய சிலிகா) சுவாரசியமான ஆள். எடையில் 10 சதவீதம் நானோ சிலிகா, 50 சதவீதம் மைக்ரோ சிலிகாவுக்கு ஈடாக அரிப்பைத் தாங்கியதாக 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பு! மூட்டையைப் பிரித்தாலே புகை மாதிரி எழும். ரப்பருக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாய்ச் சேரும். கலந்து வைத்த காம்பவுண்டும் நாளாக நாளாகத் தானே இறுகும்.

போரான் நைட்ரைடு? வெப்பத்தைக் கடத்துவதில் கில்லாடி, விலையிலும்தான். மின்னணுக் கருவிகளின் வெப்பப் பட்டைகளுக்குச் சரி, கோபுரத்துக்கு அது வீண் செலவு.

என் ஓட்டு, கடற்கரைக்கு ஏடிஎச். வலுவுக்காகக் கொஞ்சம் ஃப்யூம்டு சிலிகா. கலவை தேறுமா என்று பார்க்க ஐஈசி 60587 என்ற சர்வதேசத் தரச் சோதனை இருக்கிறது: 45 டிகிரி சாய்த்த துண்டின் அடிப்பக்கம் வழியாக உப்புக் கரைசல் வழிய, 4.5 கிலோவோல்ட்டில் 6 மணி நேரம். சப்ளையரிடம் அந்த முடிவைக் கேளுங்கள். அப்புறம், ஏடிஎச் துகளுக்குச் சிலேன் பூச்சு (துகளை ரப்பரோடு பிணைக்கும் சிலிகான் சேர்மம்) கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பூச்சு இல்லாத துகள் ரப்பரோடு சரியாக ஒட்டாது. அந்த இடைவெளியில்தான் ஈரம் புகும்.