நானே செய்த புட்சர் பிளாக் மேசை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

போன வாரம்தான் என் புட்சர் பிளாக் மேசையின், அதாவது மரச்சட்டங்களைச் சேர்த்து ஒட்டிச் செய்த கனமான நறுக்கு மேசையின், மேல்பலகையை மறுபடி அறுத்து ஒட்டி முடித்தேன். சரியாக அதே நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "உங்க வீட்டுல இருக்கற மாதிரி ஒண்ணு நானும் செய்யலாம்னு இருக்கேன், எப்படி உழைக்குது?" என்று கேட்டார். ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதிவிடுகிறேன். சட்டங்களை எப்படி வரிசையாக ஒட்டுவது, எத்தனை கிளாம்ப் வேண்டும் என்பதெல்லாம் வீடியோக்களில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குள் போகவில்லை. என்னுடையது நான்கடிக்கு இரண்டடி, ஒன்றேமுக்கால் அங்குலக் கனம், தேக்குச் சட்டங்களை நீளவாக்கில் ஒட்டியது, கால்களும் தேக்கு. வீடு திருச்சியில். ஊரை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

நல்லதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது நிறையவே இருக்கிறது. அம்மா வாழ்நாள் முழுக்க அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கியவர். முட்டிவலி வந்ததும் கிரானைட் மேடையில் பிளாஸ்டிக் பலகை போட்டு நின்று நறுக்கப் பார்த்தார், மேடை அவருக்கு உயரம், தோளைத் தூக்கிக்கொண்டே வெட்டுவார், பலகை வேறு வழுக்கிக்கொண்டு போகும். இந்த மேசையை அவருடைய முழங்கைக்கு நாலைந்து விரற்கடை கீழே வருகிற மாதிரி அளவெடுத்துச் செய்தேன். கடையில் விற்கும் எந்த மேசையும் அவர் உயரத்துக்கு வராது. இப்போது ஒரு முறம் வெண்டைக்காயை நின்றபடி நறுக்கிவிட்டு அப்படியே அதன்மேல் சப்பாத்தியும் தேய்த்துவிடுகிறார், தோள்வலி என்ற பேச்சே இல்லை. மேசை கனமாக இருப்பதால் அசையாது, கத்தி விழும் சத்தமும் அடக்கமாக இருக்கும். இந்த ஒன்றுக்காகவே இதில் போட்ட உழைப்பு அத்தனையும் தகும் என்று நான் மனதார நம்புகிறேன்.

மஞ்சள் கறை பற்றித்தான் வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கறை படும், பட்டால் கவலையே வேண்டாம், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. எங்கள் சமையலறை ஜன்னல் கிழக்கு பார்த்தது, காலை வெயில் விழும் பாதியில் கறை தானாக வெளுத்துவிடுகிறது. வெங்காய வாடைக்குக் கல்லுப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போதும். சுத்தம்தானா என்று கேட்பவர்களுக்கு: 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மரப்பலகையையும் பிளாஸ்டிக் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மரத்தின் மேல் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டுப் பெருகாமல் போயின, கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கஷ்டமாக இருந்தது. அதற்காகக் கோழியை வெட்டிவிட்டுக் கழுவாமல் விடலாம் என்று அர்த்தமில்லை.

எண்ணெய் விஷயம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதையும் தடவாதீர்கள், அது மரத்துக்குள் போய்க் காயாமல் உட்கார்ந்து கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். ஆன்லைனில் அழகான பாட்டிலில் விற்கும் கட்டிங் போர்டு ஆயில்களில் பெரும்பாலானவை மினரல் ஆயில்தான். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் ஐ.பி. என்று கேளுங்கள், மலச்சிக்கலுக்குக் கொடுப்பது, அதே பொருள், விலை ரொம்பக் குறைவு. கொஞ்சம் தேன்மெழுகைச் சூடுபடுத்திக் கலந்து தடவினால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்.

இதெல்லாம் நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன கோபம் என்றால், ஈரம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உள்ள ஒரே குறை, ஆனால் அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. காய்ந்த மரம் வாங்க முடியவில்லை. பணம் கொடுத்தாலும் முடியவில்லை.

நம் ஊர்க் கறிக்கடையில் கிடக்கும் புளியமரக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்தியது, மேலே தெரிவது வெட்டுவாய். கத்தி விழும்போது நார்கள் விலகி இடம் கொடுக்கும், அதனால் கட்டையும் தாங்கும், கத்தி முனையும் சீக்கிரம் மழுங்காது. அதே கட்டையில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடிப்பு ஓடியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் கொஞ்சம் சுருங்கும், வளையங்களின் சுற்றுப்போக்கில் அதைப்போல் இரண்டு மடங்கு சுருங்கும். சுற்றளவு குறைய வேண்டும், உள்ளே இருக்கும் மரம் விடமாட்டேன் என்கிறது, வெடிக்காமல் என்ன செய்யும்? இதற்கு நல்ல வழி, மரத்தைச் சின்னச் சட்டங்களாக அறுத்து, காயவைத்து, ஒட்டுவது. புட்சர் பிளாக்கின் உயிரே அந்தக் காயவைப்பதில்தான் இருக்கிறது.

இதில் தேக்கின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அமெரிக்காக்காரர்கள் புட்சர் பிளாக்குக்குப் போடும் ஹார்டு மேப்பிள், பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஒரு திசையில் 4.8 சதவீதமும் மற்றதில் 9.9 சதவீதமும் சுருங்கும். தேக்கு 2.5, 5.8, அவ்வளவுதான். காய்ந்த தேக்கைக் கொடுத்தால் எங்கள் ஊர் வெயிலையும் மழையையும் அது பார்த்துக்கொள்ளும். சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும், மரத்தின் ஈரத்தை அளக்கும் என் மீட்டரில் 9, 10 சதவீதம் காட்டும் பலகை ஐப்பசி மழையில் 13, 14 காட்டும், இரண்டடி அகலத்தில் அதற்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அந்த அசைவுக்கு இடம் விட்டு, கீழ்ச்சட்டத்தில் நீளத் துளை போட்டு வாஷர் வைத்துத் திருகியிருக்கிறேன். அது ஒழுங்காக வேலை செய்கிறது.

ஆனால் மரவாடியில் என்ன நடக்கிறது? பலகையை இரண்டு தட்டு தட்டிக் காட்டி, "கணீர்னு கேக்குது பாருங்க சார், ரெண்டு வருசம் காஞ்ச மரம்" என்பார்கள். மீட்டரின் ஊசியை மேலே குத்தினால் 12 காட்டும், பார்க்க அழகாக இருக்கும். முனையிலிருந்து ஓரடி தள்ளிக் குறுக்கே அறுத்து, புது வெட்டுவாயின் நடுவில் குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கன அடிக் கணக்கில் விற்கிற மரத்தில் ஓரடி அறுக்க எவரும் விடுவதில்லை. பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்தால் உள்ளே 20க்கு மேல். இப்போது வருகிற தேக்கில் பெரும்பகுதி கானா, ஈக்வடார் என்று கப்பலில் வரும் தோட்டத் தேக்கு, இளமரம், வைரம் குறைவு, வெள்ளை என்கிற வெளிமரம் அதிகம். வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் அடுக்கிக் கிடந்ததையெல்லாம் 'காய்ந்த மரம்' கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

அவர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். மரவாடிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நிலை, கதவு, ஜன்னல் செய்யப் போகிறவர்கள், நிலைச்சட்டம் சுவரில் உட்கார்ந்தபின் கொஞ்சம் சுருங்கினால் ஒருத்தருக்கும் தெரியாது, சிமெண்டை அப்பி மூடிவிடலாம். ஒரு அங்குலப் பலகை காற்றில் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, இரண்டு அங்குலச் சட்டம் என்றால் அத்தனை காலம் முதலை முடக்கிவைக்க வேண்டும். சூளையில் காயவைத்துக் கொடுக்கும் இடங்கள் குறைவு, அவர்களும் என்னைப்போல் நாலு சட்டம் கேட்கிறவனை மதிப்பதில்லை. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. "நடுவில ஈரம் இருக்கு சார், ஆறு மாசம் போட்டு வச்சு எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டால் நான் சந்தோஷமாக வாங்கிப் போய்க் காயவைத்திருப்பேன். ஐ.எஸ். 287 என்று ஒரு இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது, நாட்டைத் தட்பவெப்பப்படி நான்கு மண்டலமாகப் பிரித்து எந்த வேலைக்கான மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மரம் விற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது என்றால் கேட்கும்போது வயிறு எரிகிறது.

ஈரமான சட்டத்தில் மேசை செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வெட்டுவாய் வழியாக ஈரம் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். அதனால் முதல் வெயில் காலத்தில் மேசையின் இரண்டு முனைகளும் முதலில் சுருங்கும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். முனையில் ஒட்டு விடும், ஒட்டு நன்றாக இருந்தால் அதற்குப் பக்கத்து மரம் கிழியும். எனக்குக் கிழிந்தது மரம்தான். டைட்பாண்ட் 3 என்ற மரப்பசை போட்டு ஒட்டியது, தேக்கின் எண்ணெய்ப்பசையை அசிட்டோனில் துடைத்துவிட்டு உடனே ஒட்டியது, பசை ஒரு இடத்திலும் விடவில்லை. விரிசலில் விசிட்டிங் கார்டை நுழைத்தால் ஒரு சாண் உள்ளே போனது. அதற்குள் மாவும் வெங்காயத் தோலும் போய் அடைத்துக்கொண்டு, அம்மா தினமும் ஊசி வைத்துக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

பழுது பார்த்த விதம்: விரிசல் ஓடிய கோட்டிலேயே மேசையை முழுநீளம் இரண்டாக அறுத்து, கிழிந்த மரத்தை எடுத்துவிட்டு, இரண்டு விளிம்பையும் கை இழைப்புளியால் இழைத்துச் சேர்த்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, வயதான ஆசாரி ஒருவர் சொல்லிக்கொடுத்தது. இரண்டு விளிம்பையும் நேருக்கு நேர் சரியாக இழைக்காமல் நடுவில் ஒரு தாள் கனத்துக்குக் குழி விட வேண்டும். பலகைகளைச் சேர்த்துவைத்து எதிரே டார்ச் அடித்தால் இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரியக்கூடாது, நடுவில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கும்போது நடு மூடிக்கொண்டு முனைகளில் அழுத்தம் கூடும். பின்னால் முனை காய்ந்து சுருங்கினாலும் அந்த அழுத்தம் ஒட்டைப் பிடித்துவைத்திருக்கும். கடைசி சுருளைச் சீவி எடுத்துவிட்டு டார்ச்சைப் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு நான் நினைத்த இடத்தில் ஆரம்பித்து நினைத்த இடத்தில் முடிந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்று தெரியவில்லை. வெட்டுவாய்க்கு இந்தமுறை மெழுகைத் தாராளமாக ஏற்றியிருக்கிறேன்.

இதற்கு நடுவில் சின்ன மேசை ஒன்றும் செய்தேன், இடித்த பழைய வீட்டு உத்திரத்தில். பழைய மரம் விற்கிற கடையில் கிடைத்தது, கறுத்துப்போய்ப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தது, அறுத்ததும் உள்ளே பொன்னிறம். எங்கே குத்தினாலும் மீட்டரில் 11, நடுவிலும் அதே 11. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி ஒன்று வாள் பல்லைத் தின்றுவிட்டது, காந்தம் வைத்துத் தடவித் தடவித்தான் மீதியைப் பிடுங்கினேன். அந்த மேசை எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்துவிட்டது, ஒரு மயிரிழை விரிசல் இல்லை. அதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பெரிய மேசைக்காக எனக்கு மரம் விற்றவர் மேல் கோபம் புதிதாக வருகிறது.

ஆக, நண்பர் கேட்டதற்குப் பதில். மேசை அருமை. அம்மா இனிமேல் வேறு எதிலும் நறுக்கமாட்டார், நானும் அதை வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன். ஆனால் நீங்கள் செய்ய வேண்டாம். இன்றைக்கு என் பதில் அதுதான், அடுத்த மாதம் மாறலாம், இன்றைக்கு மாறாது. நாலு சட்டம் நேர்மையாகக் காய்ந்த மரம் கொடுக்க ஆளில்லாத இடத்தில் இன்னொருவரை இந்த வேலையில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய உத்திரம் ஏதாவது கையில் கிடைத்தால் மட்டும் சொல்லுங்கள், கிளாம்ப், இழைப்புளி, மீட்டர் எல்லாம் என்னிடம் இருக்கிறது, நானே வந்து கூட நின்று ஒட்டித் தருகிறேன். புதுத் தேக்கு வாங்கிவிட்டேன் என்று மட்டும் ஃபோன் செய்யாதீர்கள்.