பிஎச்பி பஃபர்: எச்சரிக்கையை மூடுவதா, மூலத்தைத் தேடுவதா?

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ் அமைப்பின் தீபாவளி நிகழ்ச்சிக்குப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் பதிவுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. சர்வரில் ஏற்றியதும், ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் தகவல் வரிகள்) ஏற்கெனவே போய்விட்டது என்று எச்சரிக்கை. பக்கத்திலிருந்து ஒரு பைட்டு வெளியே போனாலே ஹெடரும் போய்விடும், பிறகு மாற்ற முடியாது. இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான்: பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில், வெளியீட்டைத் தேக்கி வைக்கும் பஃபரின் அளவைச் சொல்லும் அவுட்புட்_பஃபரிங் என்னிடம் 4096 பைட்டு, சர்வரில் 0. தவறி வெளியே வந்த பைட்டுகளை என் கணினி பஃபரில் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பலரும் சொல்லும் முதல் வழி, கோப்பின் தலையில் ஓபி_ஸ்டார்ட் (பஃபரைத் தொடங்கும் கட்டளை) போடுவது. போட்டேன், எச்சரிக்கை போனது. ஆனால் நுழைவுச் சீட்டின் கியூஆர் படம் யாருடைய போனிலும் திறக்கவில்லை. படத்தின் பைட்டுகளுக்கு முன்னால் வேறு மூன்று பைட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பஃபர் குப்பையை அகற்றுவதில்லை, தாமதமாக அனுப்புகிறது. ஐஎன்ஐ கோப்பில் 4096 என்று மாற்றுவதும் இதே கதைதான், கூடவே சர்வரிலுள்ள மற்றப் பக்கங்களின் பிழைகளையும் சேர்த்து மறைத்துவிடும்.

இரண்டாவது வழி, ஹெடர் போய்விட்டதா என்று சொல்லும் ஹெடர்ஸ்_சென்ட் கட்டளை. இரண்டு மாறிகளைக் கொடுத்தால், வெளியீடு எந்தக் கோப்பில் எந்த வரியில் தொடங்கியது என்று அவற்றில் எழுதித் தரும். எனக்குக் கிடைத்தது தமிழ்ச் சொற்கள் மட்டும் இருந்த ஒரு கோப்பு, முதல் வரி. பைட்டுகளை அப்படியே காட்டும் எக்ஸ்எக்ஸ்டியில் திறந்தால் தொடக்கத்திலேயே இஎஃப் பிபி பிஎஃப்: பிஓஎம் என்கிற, கோப்பின் எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் அந்த மூன்று பைட்டு. பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளையும் சேமிக்கும் குறியாக்கம்) என்று சேமித்தாலே இது ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் அது இல்லாமல் சேமிப்பது இயல்பானது. தமிழில் எழுதுகிற நமக்கு இந்தத் தொல்லை அதிகம். பிஓஎம் இல்லாமல் சேமித்தேன், ஓபி_ஸ்டார்ட் வரியை எடுத்தேன், படம் திறந்தது.

என் தேர்வு இரண்டாவதுதான். எழுதும் கணினியில் பஃபரை 0 ஆக்கிவிடுங்கள், பிழை அன்றைக்கே கண்ணில் படும். பக்கத்தை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு ஹெடரை முடிவு செய்ய வேண்டிய இடத்தில் ஓபி_ஸ்டார்ட் நல்ல கருவி. அங்கே தாராளமாகப் போடலாம்.

அப்புறம், எதிர்ச் சிக்கலும் உண்டு: அனுப்பிய வரி திரைக்கு வராமல் தேங்கி நிற்கும். தேங்கியதை வெளியே தள்ளும் ஓபி_ஃப்ளஷ், பிறகு ஃப்ளஷ், இந்த வரிசையில் இரண்டு கட்டளைகளையும் அழையுங்கள். இன்னும் தேங்கினால், பிரவுசர் இல்லாமலே பக்கத்தைத் தேக்காமல் எடுத்துக் காட்டும் கர்ல் -என் கட்டளையில் பாருங்கள். அங்கே வரி வரியாக வந்தால் தேக்கம் பிரவுசரில். அங்கேயும் வராமல், பிஎச்பிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள் இருந்தால், எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் ஹெடரை 'நோ' என்று அனுப்பிப் பாருங்கள்.